ஒரு நாற்காலி, இரண்டு பல்

மார்ச் 6

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் சுகம். உன் சுகத்துக்கு உடனே பதில் போடு. மலைக்குளிர் ஒத்துக்கொள்கிறதா? கேம்ப் போன் ஆபீஸ் வேலைக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்களாமே. போகட்டும், தபால் லாரி வருகிறதல்லவா, அது போதும். சுரங்கத்துக்குள் அளவெடுக்கப் போகும்போது தலைக்கவசத்தைக் கழற்றாதே.

நீ விட்டுவிட்டுப் போன உருப்படியைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும். "ஏழு மாசம்தானே அண்ணா, உள்ளங்கை அளவு நாய்க்குட்டி, அது பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். அதில் உள்ளங்கை அளவு என்பது மட்டும்தான் உண்மை. வந்த அன்றே என் நாற்காலிக் கால், என் செருப்பு, என் கால் கட்டைவிரல் எல்லாவற்றையும் ருசி பார்த்துவிட்டது. வாயைத் திறந்தால் வரிசையாகக் குண்டூசி. அதையே பெயராகவும் வைத்துவிட்டேன். நீ வைத்த அழகான பெயரைச் சொன்னால் காதைக்கூட அசைக்கவில்லை, குண்டூசி என்றால் ஓடி வருகிறது.

வீட்டில் தனியாக விட்டால் வீடு மிஞ்சாது. அதனால் வேலைக்குக் கூடவே கூட்டிப் போகிறேன். எங்கள் பல் டாக்டர் முதலில் முகம் சுளித்தார். பிறகு, பின்னறைதானே, நோயாளிகள் வருகிற பக்கம் இல்லையே என்று ஒப்புக்கொண்டார். நான் பல் செட் செய்கிற மேஜைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி, அதில் உன் பழைய ஸ்வெட்டர். அதற்குள் சுருண்டுகொண்டு என் கால்சட்டை விளிம்பைச் சப்புகிறது. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று சொன்னவன் இந்தக் குட்டியைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கவலைப்படாமல் உன் வேலையைப் பார்.

இப்படிக்கு,
கால் கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டிய அண்ணன்


மார்ச் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம். அடுக்கடுக்காகக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டித் தூங்குகிறேன். உனக்கு வயிறு எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இங்கே மலைக்கு இரண்டு பக்கமிருந்தும் தோண்டிக்கொண்டு வருகிறார்கள். நடுவில் சந்திக்க வேண்டும். என் அளவு பிசகினால் ஒரு சுரங்கத்துக்குப் பதில் இரண்டு சுரங்கம் ஆகிவிடும். அந்தக் கவலையில் உட்கார்ந்திருந்தவள் உன் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில், பக்கத்துக் கட்டில் சமையற்காரம்மா திடுக்கிட்டு எழுந்துவிட்டார்.

குண்டூசிக்குக் கூடிய சீக்கிரம் பால் பல் விழ ஆரம்பிக்கும். ஈறு அரிக்கும், எதையாவது கடித்துக்கொண்டே இருக்கத் தோன்றும். துணியை நனைத்து முறுக்கி ஐஸ் பெட்டியில் வைத்து, கெட்டியானதும் கொடு. இதற்குமேல் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஊர்ப் பல்லெல்லாம் உன் மேஜையில்தான் கிடக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அதன் பல் விஷயத்தில் உன் பல் விஷயம் மாதிரி இருந்துவிடாதே. இருபது வருஷமாகப் பல் டாக்டருக்கு அடுத்த அறையில் வேலை பார்க்கிறாய். ஒரு தடவையாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாயா? பந்தயம் கட்டி, சோடா பாட்டிலைப் பல்லால் திறந்து, முன்பல்லின் ஓரத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்தாயே, அப்போதுகூட உட்காரவில்லை. உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்.

குட்டியோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. வழக்கம்போல் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்காதே.

பிரியமுள்ள,
தங்கை


ஏப்ரல் 15

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். கால் மேல் இதமாக ஒரு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு தூங்கு.

உன் செல்லம் என் மானத்தை வாங்கிவிட்டது. கேள். இந்த ஊரில் ஒரு வக்கீல் அய்யா இருக்கிறார், குரலைக் கேட்டாலே எதிர்க்கட்சிக்காரன் சமாதானத்துக்கு வந்துவிடுவான். அவருக்குப் புதுப் பல் செட் செய்து, மெருகு போட்டு, தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது. மேஜைக்கு அடியில் குண்டூசி உட்கார்ந்திருக்கிறது. அதன் வாயில் வக்கீலின் வாய். தன் பல் போதாதென்று அவர் பல்லையும் சேர்த்துக் காட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறது. அந்த நேரம் பார்த்தா வக்கீல் உள்ளே வர வேண்டும்?

அவர் நின்று பார்த்தார். பிறகு, பல் இல்லாத வாயால், "இதுக்கு எம் மேல என்ன வழக்கு?" என்றார். நான் சிரிப்பை அடக்கத் தெருவுக்கே ஓட வேண்டியதாயிற்று. பல் போனால் சொல் போச்சு என்பார்கள், சொல் போனதால் அவர் வாய்தா வாங்க வேண்டியதாயிற்று: மறுநாள் கேஸைத் தள்ளிவைக்கச் சொல்லி ஜூனியரை அனுப்பினார். புது செட் நான் தூக்கம் பாராமல் செய்து கொடுத்தேன். இப்போது தினம் வந்து குண்டூசியிடம் குறுக்கு விசாரணை நடத்திவிட்டுத்தான் கோர்ட்டுக்குப் போகிறார்.

முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. என் செருப்பில் கிடந்தது, அரிசி அளவுதான் இருந்தது. எடுத்து வைத்திருக்கிறேன். போட்டோவும் இத்துடன் இருக்கிறது.

இப்படிக்கு,
அண்ணன்


மே 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம், வக்கீல் அய்யாவின் பல் நலமா?

கடிதத்தைச் சமையலறையில் உரக்கப் படித்துக் காட்டினேன். டிரில்லிங் மெஷின்காரர் ஒருவர் சாப்பிட்டதைத் துப்பிவிட்டார். கேம்ப் முழுக்க இப்போது குண்டூசிக்கு ரசிகர்கள். தபால் லாரி வந்தால் எனக்கு முன்னால் அவர்கள் ஓடுகிறார்கள்.

போட்டோ வந்தது. ரொம்பச் சாமர்த்தியம். கையால் மூடாதே என்றால் நாயால் மூடிக்கொண்டிருக்கிறாய். உன் கண்ணிரண்டும் தெரிகின்றன, அதற்குக் கீழே காது, மூக்கு, நாக்கு எல்லாம் குண்டூசியுடையது. குண்டூசியின் காதோரம் தெரிகிற உன் இடது கன்னம் லேசாகப் பருத்த மாதிரி இருக்கிறதே, வெயில் வெளிச்சமா?

பல் எல்லாம் ஒழுங்காக விழுகிறதா என்று வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே இரு. விழுங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். விழாமல் நின்றால்தான் வம்பு.

பிரியமுள்ள,
தங்கை


ஜூன் 2

அன்புள்ள தங்கைக்கு,

இருவரும் சுகம். கன்னத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். வெளிச்சம்தான்.

குண்டூசிக்கு முன்பல் எல்லாம் விழுந்து புதுப் பல் வந்துவிட்டது. வாயைத் திறந்தால் குழந்தை முகத்தில் பெரிய மனுஷச் சிரிப்பு. ஈறு வலிக்கிறதென்று அதற்கு ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத்தான் கொடுக்கிறேன். துணைக்கு நானும் அதையேதான் சாப்பிடுகிறேன். தனித்தனியாக எதற்குச் சமைப்பது?

தடுப்பூசி போட மாட்டு டாக்டரம்மாவிடம் போனேன். அந்த அம்மாவிடம் வருவது நாயும் பூனையும்தான், ஆனாலும் ஊர் வாயில் அவர் மாட்டு டாக்டர்தான். ஊசி போட்ட கையோடு உதட்டைத் தூக்கிப் பார்த்து, "இங்க பாருங்க" என்றார். கீழே இரண்டு பக்கமும் கோரைப்பல் இரண்டிரண்டாக நிற்கிறது. பழையது வெளியே, புதியது உள்ளே. சின்ன நாய்களுக்குத் தாடை சின்னது என்பதால் இது அடிக்கடி வருமாம். "ஒரு நாற்காலியில ரெண்டு பேர் உட்கார முடியாதுங்க. பழசு எழுந்திருக்கலைன்னா புதுசு கோணலா வளந்து மேலண்ணத்தைக் குத்தும். இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். விழலைன்னா மயக்க மருந்து குடுத்து எடுத்துடணும்" என்றார்.

நான் சொன்னேன், மனுஷப் பிள்ளைகளுக்கு விழுகிற மாதிரி இதுவும் தானாக விழும் என்று. கொஞ்சம் அசைத்துவிட்டால் போதாதா என்று கேட்டேன். அதற்கு ஒரு முறை முறைத்தார் பார். வேர் ஊசி மாதிரி நீளமாம். என் கைவரிசையைக் காட்டினால் உள்ளேயே ஒடிந்து சீழ் பிடிக்குமாம். "நீங்க செஞ்ச பல்லை நீங்க எடுங்க. முளைச்ச பல்லுல கை வைக்காதீங்க" என்றார்.

இவ்வளவு சின்ன உயிருக்கு மயக்க மருந்தா? எனக்கு மனசு ஒப்பவில்லை. விழும். பார்ப்போம்.

இப்படிக்கு,
அண்ணன்


ஜூன் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். உன் கடிதம் இந்த முறை சிரிப்பில்லாமல் இருந்தது. உடம்புக்கு ஏதாவதா?

குண்டூசியின் எஜமானி நான். எஜமானி சொல்கிறேன், மாட்டு டாக்டரம்மா சொல்கிறபடி செய். இத்தனை நாள் சப்பியதும் கடித்ததும் சிரிப்பாக இருந்தது, இது அப்படியில்லை. பல் கோணலாக நின்றுவிட்டால் வாயை மூடும்போதெல்லாம் வலிக்கும். அதற்குச் சொல்லவும் தெரியாது. ஆயுசு முழுக்க வலியைப் பழக்கமாக வைத்துக்கொண்டு வாலாட்டிக்கொண்டிருக்கும். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

நீ எழுதுவதை வைத்து எனக்குப் பிடிபடவில்லை. அளந்து பார்த்தே பிழைப்பவள் நான். நீ வேண்டுமானால் வக்கீலின் வாயைப் பசையில் அச்செடுத்த மாதிரி குண்டூசி வாயையும் அச்செடுத்து அனுப்பேன். இங்கே கேம்ப் டாக்டரிடம் காட்டிக் கேட்கிறேன்.

பிரியமுள்ள,
தங்கை


ஜூலை 6

அன்புள்ள தங்கைக்கு,

நான் சுகம், நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

நீ வேடிக்கைக்கு எழுதினாயோ என்னவோ, நான் அச்செடுத்தே விட்டேன். நாய் வாய்க்கு ஏற்ற அச்சுக் கிண்ணம் கடையில் கிடைக்காது. டீக்கரண்டியை வளைத்துக்கொண்டேன். முதல் தடவை பசையை நக்கிவிட்டது. அடுத்த தடவை கரண்டியோடு ஓடிவிட்டது. மதியம் நன்றாகச் சாப்பிட்டு, வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் நேரம் பார்த்துக் காரியத்தை முடித்தேன். அதில் பிளாஸ்டர் ஊற்றி, காயவைத்து, செட் அனுப்புகிற பெட்டியில் பஞ்சு வைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கீழ்த்தாடை. ஜாக்கிரதையாகத் திற, பல் நுனி ஒடிந்துவிடும்.

மாசக் கடைசி போய்விட்டது என்று நீ சொல்வாய். எனக்கும் தெரியும். டாக்டரம்மா ஆள்விட்டுக் கேட்டார், வேலை அதிகம் என்று சொல்லியனுப்பினேன். அவசரப்பட்டு எடுப்பானேன்? பல் என்பது அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கிற பொருளில்லை. இத்தனை நாள் ஒருவருக்கும் தொந்தரவு கொடுக்காமல் இருந்த பல், இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே.

இந்தக் கடிதம் கொஞ்சம் கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் தூக்கம் சரியில்லை. கழுத்துப் பிடிப்பு.

இப்படிக்கு,
அண்ணன்


ஜூலை 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சௌக்கியம். உன் கழுத்துப் பிடிப்பு சௌக்கியமா?

பெட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தேன். நம் குண்டூசி இந்த நாலைந்து மாசத்தில் எவ்வளவு வளர்ந்துவிட்டது அண்ணா! கீழ்த்தாடை என்று எழுதியிருந்தாய், வந்திருப்பது மேல்தாடை. என் உள்ளங்கை நிறைய இருக்கிறது. அகலமான கடைவாய்ப் பல் எல்லாம் வந்துவிட்டது. முன்பல்லின் ஓரம் மட்டும் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது. சோடா பாட்டில் திறந்திருக்குமோ?

கேம்ப் டாக்டரிடம் கொண்டுபோனேன். இது என்ன இன நாய் என்று கேட்டார். பிடிவாத இனம் என்று சொன்னேன். வயசு கேட்டார். ஐம்பதைத் தாண்டிவிட்டது என்றேன். உடனே அவர் அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது பக்கக் கோரைப்பல் இருக்க வேண்டிய இடத்தில் குழந்தைப் பல் மாதிரி ஒன்று குட்டையாக நிற்கிறது, அது பால் பல்லாகத்தான் இருக்க வேண்டும் என்றார். அதற்கு மேலே ஈறு வீங்கியிருக்கிறது, நிஜப் பல் அதற்குள் குறுக்கே படுத்திருக்கலாமாம். "நான் பல் டாக்டர் இல்ல. ஆனா இந்த வீக்கம் நல்ல வீக்கம் இல்லம்மா. அந்த நாயை இழுத்துட்டுப் போய் உடனே காட்டச் சொல்லுங்க" என்றார்.

எனவே குட்டியிடம் என் சார்பில் சொல்லிவிடு. பாலில் ஊறவைத்த ரொட்டியைத் துணைக்குத் தின்றதெல்லாம் போதும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், வீங்கிய கன்னத்தை நாய்க்குப் பின்னால் மறைக்க முடியாது. ஒரு எஜமானி மலைமேல் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குக் கோபம் வந்திருக்கிறது.

பிரியமுள்ள,
தங்கை


ஆகஸ்ட் 16

அண்ணா,

எப்படி இருக்கிறாய்? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது.

தபால் லாரி வந்து வந்து போகிறது, உன் எழுத்து இல்லை. டிரில்லிங் மெஷின்காரர்கூட "குண்டூசி லெட்டர் போடலையா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். நான் கேலியாக எழுதியது உன் மனசைப் புண்படுத்திவிட்டதோ என்று நினைத்துக்கொள்கிறேன். நேராகக் கேட்டால் 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடுவாய் என்றுதான் நாய்மேல் போட்டு எழுதினேன்.

இப்போது நேராகவே எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரே வீட்டில் வளர்ந்தோம். நீ கையால் வாயை மூடிச் சிரிப்பது கூச்சம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பிளாஸ்டரில் உன் வாயைப் பார்த்துத்தான் காரணம் தெரிந்தது. மலையையே அளக்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறேன், சொந்த அண்ணன் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. சீழ் தலைக்கு ஏறினால் என்ன ஆகும் என்று கேம்ப் டாக்டர் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை.

உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? நாற்காலியில் உட்கார் அண்ணா. பயந்துகொண்டே உட்கார். பதில் வரவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு அடுத்த லாரியில் ஏறி வந்துவிடுவேன். மலை இரண்டு ஓட்டையோடு நிற்கட்டும்.

தங்கை


ஆகஸ்ட் 27

அன்புள்ள தங்கைக்கு,

நான் சுகம். இந்த முறை நிஜமாகவே சுகம். லாரியில் ஏறிவிடாதே. மலைக்கு ஒரு ஓட்டையே அழகு.

உன் ஜூலைக் கடிதத்தைப் படித்துவிட்டு மேஜை டிராயரைத் திறந்தேன். அங்கே இருந்த பெட்டியில் குண்டூசியின் கீழ்த்தாடை. அதற்கு அச்செடுத்த அன்று பசை மாவு ஒரு கரண்டி மிஞ்சியிருந்தது. வீணாவானேன் என்று கதவைத் தாழ்போட்டு என் வாயையும் அச்செடுத்தேன். எடுத்ததைப் பார்க்க தைரியமில்லாமல் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டி. ஊருக்கெல்லாம் செட்டை மாற்றாமல் அனுப்புகிறவன் என் வாயை மாற்றி அனுப்பியிருக்கிறேன். கோபமும் வெட்கமும் வந்தன. பதில் எழுதுவேன், கிழிப்பேன். இப்படியே நாள் போயிற்று.

அது பால் பல் என்று எனக்கு எப்போதோ தெரியும். நானே அந்தத் தொழிலில் இருப்பவன், தெரியாமல் இருக்குமா? எனக்கும் டாக்டரின் நாற்காலிக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். இருபது வருஷமாக அந்தச் சுவரில் வருகிற முனகலைக் கேட்டுக்கொண்டே மெழுகை உருக்கியிருக்கிறேன். எந்தச் சத்தத்துக்கு எந்த ஆயுதம் என்று எனக்குத் தெரியும். தெரியாதவன் தைரியமாக உட்கார்ந்துவிடுகிறான்.

அப்போதுதான் ஒரு நாள் குண்டூசி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு சாப்பிடாமல் இருந்தது. வாயை வைக்கும், எடுக்கும். பிறகு என்னைப் பார்த்து வாலாட்டும். நீ எழுதியிருந்தாயே, வலியைப் பழக்கமாக வைத்துக்கொண்டு வாலாட்டும் என்று. அதை என்னால் பார்க்க முடியவில்லை. தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். மேலண்ணத்தில் பல் குழி போட ஆரம்பித்துவிட்டது என்று என்னைப் பிடித்துத் திட்டினார். திட்டி முடித்து என் கன்னத்தைப் பார்த்தார். "இது முடிஞ்சதும் அடுத்து நீங்களா?" என்றார்.

மயக்கம் வரும்வரை அதன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். அந்தப் பெஞ்சில் நான் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம். சட்டைப் பையில் உன் கடிதம்தான் இருந்தது. பிடிவாத இனம் என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். குண்டூசி நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, குடித்தவன் மாதிரி தள்ளாடி எழுந்தது. எழுந்ததும் முதல் காரியமாக டாக்டரம்மாவின் கையை நக்கியது. பல்லைப் பிடுங்கிய அதே கையை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

வீட்டுக்குப் போகவில்லை. அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு நேரே எங்கள் டாக்டர் அறைக்குள் போய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். அவர் திரும்பிப் பார்த்து, "என்னப்பா, நாற்காலி ஆடுதா?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்து காட்டினேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "இவ்வளவு நாளா பக்கத்து ரூம்லதானேப்பா இருந்தே" என்று மட்டும் சொன்னார். மடியில் குண்டூசி படுத்திருந்தது. ஒரு நாற்காலியில் இருவர் உட்கார முடியாது என்று அந்த அம்மா சொன்னது பல்லுக்குத்தான் போலிருக்கிறது, எங்களுக்கு இடம் தாராளமாக இருந்தது.

பால் பல் பழம் மாதிரி வந்துவிட்டது, அதற்கு வேரே இல்லை. சீழை எடுத்துவிட்டு, உள்ளே படுத்திருந்த பல்லுக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே கீறி அதையும் எடுத்துத் தையல் போட்டார்கள். அதனால்தான் எழுதத் தாமதம். நான் படுத்திருந்தபோது குண்டூசியை வக்கீல் அய்யா வைத்துக்கொண்டார். ஜாமீனில் எடுத்தேன் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார்.

உன் கடிதம் என்னைப் புண்படுத்தவில்லை. அது வரவில்லை என்றால் நான் இன்னும் ரொட்டியை ஊறவைத்துக்கொண்டிருப்பேன். சரியான பெட்டியை இத்துடன் அனுப்புகிறேன், நானே திறந்து பார்த்துத்தான் கட்டினேன்.

உன் அன்பு அண்ணன்


செப்டம்பர் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகமோ சுகம். உன் கடிதத்தை இந்த முறை உரக்கப் படிக்கவில்லை. தனியாகப் போய்ப் படித்தேன், அழுதுவிட்டு வந்து, சுருக்கிச் சொன்னேன். சமையற்காரம்மா எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். சரியான பெட்டியும் வந்தது. கேம்ப் டாக்டர் பார்த்துவிட்டு, "இதுதான் நாய்" என்றார்.

சுரங்கமும் சந்தித்துவிட்டது. கடைசிப் பாறை விழுந்து, அந்தப் பக்கத்து ஆளின் விளக்கு இந்தப் பக்கம் தெரிந்தபோது எல்லோரும் கத்தினார்கள். ஒரு சாண் பிசகு. அது கணக்கிலேயே சேராது என்கிறார்கள். வரும் முப்பதாம் தேதி காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன்.

எனக்கு ஒரே ஒரு பரிசு வேண்டும். பஸ் நிலையத்தில் நீ கையை எடுத்துவிட்டுச் சிரிக்க வேண்டும். உன் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

பிரியமுள்ள,
தங்கை


செப்டம்பர் 22

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டு பேரும் சுகம். தையல் ஆறிவிட்டது. குண்டூசியின் கோரைப்பல் தன் இடத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது, டாக்டரம்மா பார்த்துவிட்டு முதல் தடவையாக என்னைத் திட்டாமல் அனுப்பினார்.

உன் பரிசுக்கு நான் ஏற்பாடு செய்துதான் வைத்திருந்தேன். எத்தனையோ பேருக்குப் பல் செய்தவன், எனக்கென்று ஒரே ஒரு பல் செய்தேன். முதலில் செய்தது ரொம்ப வெள்ளையாக இருந்தது. அடுத்தது நீளம். பக்கத்துப் பல்லோடு நிறம் சேரவில்லை என்று திரும்பவும் செய்தேன். வாடிக்கைக்காரனாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. கடைசியில் பொருந்தியது. டாக்டர் கண்ணாடியை நீட்டினார். கையை எடுத்துவிட்டுச் சிரித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. உனக்காக அதை எடுத்துப் பத்திரமாக, தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு வைத்தேன்.

தண்ணீர்க் கிண்ணம் என்றதும் உனக்குப் புரிந்திருக்கும்.

இன்று மதியம்தான் நடந்தது. கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. மேஜைக்கு அடியில் குண்டூசி தன் புதுப் பல்லால் எதையோ கடிக்கிற சத்தம். இழுத்துப் பார்த்தால் என் பல் மூன்று துண்டு. அதன் கோரைப்பல் இப்போது எவ்வளவு நேராக, எவ்வளவு உறுதியாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வக்கீல் அய்யா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப வழக்கு உங்க மேலயா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு வலிக்கும்வரை சிரித்தேன். டாக்டரும் ஓடி வந்து பார்த்தார். எல்லோரும் போன பிறகுதான் கவனித்தேன், என் இரண்டு கையிலும் குண்டூசி இருந்திருக்கிறது. வாயை மூட எனக்குக் கையே இல்லை. என் பல் ஓட்டையை யாரும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

முப்பதாம் தேதிக்குள் இன்னொரு பல் செய்துவிடலாம். மெழுகை எடுத்தேன், வைத்துவிட்டேன். நீ வந்த பிறகு நிதானமாகச் செய்துகொள்கிறேன். பஸ் நிலையத்தில் கூட்டமாக இருக்கும். குண்டூசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடது பக்கம் ஓட்டையோடு, வாய் கொள்ளாமல் ஒருவன் சிரித்துக்கொண்டு நிற்பான். தெரியாத ஆள் என்று தாண்டிப் போய்விடாதே.

உன் அண்ணன்